ஜூனியஸ் காட்ரெலின் காலடிச் சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. ஆல்வெஸ்டர் கெய்ன்ஸ் எடுக்கவில்லை. முள் இசைத்தட்டின் மேல் இருந்தது; பாட்டு கணினியில் பதிவாகிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுத் தரை பழைய பைன் பலகை. ஒரு ஆள் எழுந்து நாலடி நடந்தால் முள் துள்ளும். துள்ளினால் அந்தத் துள்ளலும் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கியவர்போல அசையாமல் இருப்பார். மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்வார்.

மணி பதினோரு தடவை அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. பாட்டு முடிந்து, முள் உள்வட்டத்தில் கரகரத்து, அதை மெல்லத் தூக்கி வைத்த பிறகுதான் அவர் எழுந்துபோனார்.

"பிரதர் கெய்ன்ஸ், நான் க்ளாடெட். காட்ரெல் வீட்டுப் பொண்ணு."

"சொல்லும்மா."

"அம்மா போயிட்டாங்க. விடியக்காலைல. தூக்கத்துலயே."

"ரூபி நெல் அம்மாவா?" என்று கேட்டார், க்ளாடெட்டுக்கு வேறு அம்மா இருப்பதுபோல.

"அவங்கதான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு சர்ச்ல ஆராதனை. எல்லாத்தையும் எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்காங்க. எந்தத் தொப்பி, யார் ஜெபம் பண்ணணும், யாரை மைக் பக்கமே விடக் கூடாது, எல்லாம். அப்பாவோட ரெக்கார்டைப் போடணும்னு எழுதியிருக்கு. நீங்க பண்ணிக் குடுத்த சிடி ரொம்பக் கீறிப்போச்சு. உங்ககிட்ட இருக்கும்ல? நீங்களே வந்து போட்டுடுங்க."

"போட்டுடறேன்மா" என்றார்.

சொல்லிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பாட்டு அவரிடம் இருந்தது. ஆனால் அதில் க்ளாடெட்டின் அப்பா ஜூனியஸ் காட்ரெலின் கால் இல்லை. அதைத் துடைத்துப் போட்டவர் அவர்தான்.

ஆல்வெஸ்டர் பெஸ்ஸமர் ஊரில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக் கடிதத்தை யார் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எண்பத்தேழாம் வருஷம், குப்பை வண்டி வருகிற ஒரு வியாழக்கிழமை, பதினேழாம் தெருவில் ஒரு வாசலோரம் அட்டைப்பெட்டி கிடந்தது. அந்த வீட்டுப் பெரியவரை அடக்கம் செய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பெட்டி நிறைய இசைத்தட்டு. மேலே இருந்த தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவர் தினமும் தபால் கொடுக்கிற ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அந்த மனிதர் பாடுவார் என்பதே அவருக்குத் தெரியாது. தபால் பையோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மிச்சத் தெருவை நடந்து முடித்தார். இடது தோள் அன்று இறங்கியது, பிறகு சரியாகவே இல்லை.

அப்படி ஆரம்பித்தது மூவாயிரத்து நூறு தட்டில் வந்து நின்றது. அத்தனையும் சுவிசேஷப் பாட்டு. அதிலும் நால்வர் குழுக்கள்தான் அதிகம். பியானோ கிடையாது, கித்தார் கிடையாது. நாலு ஆண்கள், நாலு தொண்டை. சுரங்கத்திலும் உருக்காலையிலும் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, ஏழாம் நாள் ஒரே நிறத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குச் சர்ச் போய்ப் பாடியவர்கள். வருஷத்துக்கு ஒரு தட்டு போட்டால் பெரிது. பல குழுக்கள் ஒன்றே ஒன்று போட்டு, அதையும் சர்ச் வாசலில் நின்று தாங்களே விற்றிருக்கிறார்கள்.

ஆல்வெஸ்டருக்குப் பாட வராது. சபையார் எல்லாரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். அவர் மனைவி லொரெய்ன் நன்றாகப் பாடுவாள்.

"செத்துப்போன ஆம்பளைங்களுக்கு இந்த வீட்ல எவ்ளோ எடம் குடுத்திருக்கே" என்பாள் அவள். "உயிரோட இருக்கற பொம்பளைக்கு ஒரு அலமாரி குடேன். என் செருப்பு நாலு ஜோடி கட்டிலுக்கு அடியில கெடக்குது."

"அடுத்த மாசம் ஒழுங்கு பண்றேன், லொரெய்ன்."

"நீ ஒழுங்கு பண்றதுக்குள்ள நானும் ஒரு ரெக்கார்டு போட்டுடறேன். அப்பவாவது எனக்கு ஒரு தட்டு கெடைக்கும்."

இரண்டாயிரத்து நாலில் சிறுநீரகம் கெட்டு அவள் போனாள். அலமாரி அவளுக்குக் கிடைக்கவேயில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கணினி வாங்கி, தட்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றத் தொடங்கினார். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு. மென்மையான தூரிகையால் வட்டமாகத் துடைத்து, நிறுத்திவைத்துக் காயவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்துவிடுவார். பேச்சுத் துணையில்லாத வீட்டில் நாலு பேர் பேசுவதுபோல இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு இலையுதிர்காலத்தில், ஒரு சர்ச் விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபி நெல் காட்ரெல் அவர் கையைத் தட்டினாள். அப்போது அவளுக்கு எண்பது.

"ஏன் கண்ணு, பழைய ரெக்கார்டு பொறுக்கற தபால்காரன் நீதானா? என் புருஷனும் ஒண்ணு போட்டிருக்காரு. மஸ்கோடா ஃபோர். கேள்விப்பட்டிருக்கியா?"

கேள்விப்பட்டிருந்தார். இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். மஸ்கோடா சுரங்கத்தில் இரும்புத்தாது வெட்டிய நாலு பேர். நாற்பத்தொன்பதாம் வருஷம் வானொலி நிலையத்தில் இரண்டு பக்கம் பாடி, முந்நூறு தட்டு அடித்தார்கள். அதில் ஒன்று கூட அவர் கண்ணில் பட்டதில்லை. அவளோ அதைத் தலையணை உறைக்குள் வைத்துப் பெட்டியின் அடியில் போட்டிருந்தாள்.

தட்டில் முடிபோல ஒரு விரிசல் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முள் அதன் மேல் ஏறி இறங்கி 'டக்' என்றது. ஆல்வெஸ்டர் இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றினார். திரையில் ஒலி கோடாக ஓடியபோது, அந்த டக்குகள் ஒரே இடைவெளியில் எலி தோண்டிய மேடுகள்போல வரிசையாக நின்றன. சில மேடு உயரம், சில மேடு அகலம். எல்லாம் விரிசலின் வேலை என்று நினைத்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்தார். அழிந்தும் அடியில் ஏதோ 'தும் தும்' என்று தங்கியது. அது தட்டைச் சுழற்றும் மோட்டாரின் உறுமல் என்று முடிவு கட்டி, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதியைப் போட்டு அதையும் வெட்டினார். மூன்று நாள் வேலை. முடிவில் நாலு குரலும் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணிபோல இருந்தன. அந்தக் காலத்தில் அவர் கணினியில் இடம் குறைவு. சுத்தம் செய்ததை வைத்துக்கொண்டு, முதலில் ஏற்றியதை அழித்துவிடுவது அவர் வழக்கம். அதையும் செய்தார். தட்டையும் ஒரு சிடியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவளிடம் சிடி போடும் கருவி இல்லை. கிறிஸ்துமஸுக்கு க்ளாடெட் வாங்கித் தந்தாள். ஜனவரியில் ரூபி நெல் அவரை வரச்சொல்லி ஆள் விட்டாள். போனார். பவுண்ட் கேக்கும் காபியும் வைத்தாள்.

"அந்த ரெக்கார்டு ஒடைஞ்சிபோச்சு கண்ணு. சோபால வெச்சிருந்தேன். டீக்கன் ஹோலிஸ் வந்தாரு. அவரு சைஸு தெரியும்ல உனக்கு. அறுபது வருஷமா அந்த மனுஷனுக்கு எங்க வீட்டுக்காரரைக் கண்டாலே ஆகாது. கடைசில மேலயே உக்காந்துட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "போகட்டும். நீதான் காப்பாத்தி வெச்சிருக்கியே. போடு, உன்னோட உக்காந்து கேக்கணும்னுதான் இன்னும் போடாம வெச்சிருக்கேன்."

போட்டார். 'அந்த வாசலில் எனக்கொரு நாற்காலி' என்ற பாட்டு. ரூபி நெல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி முடிந்தது. அவள் கருவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அவரோட கால் எங்க கண்ணு?"

"என்னம்மா?"

"ஜூனியஸோட கால். அவருதானே தாளம் போடுவாரு. ரேடியோக்காரன் ரூம்ல கம்பளம் விரிச்சிருந்தான், சத்தமே வராதுன்னு வீட்லேர்ந்து ஒரு பலகையைத் தூக்கிட்டுப் போனாரு. பஸ்ல எல்லாரும் பாத்தாங்களாம். சுரங்கத்து பூட்ஸைப் போட்டுக்கிட்டு அந்தப் பலகை மேல தட்டுனாரு. குரலு என்ன, பாரிட்டோன்னு சொல்ற நடுக்குரலு எவனுக்கு வேணா இருக்கும். காலுதான் அவரு."

ஆல்வெஸ்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தத் தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு தடவை சுற்றுவது. ஜூனியஸ் காட்ரெலின் காலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தட்டியிருக்கிறது. ஒரு விரிசலும் ஒரு மனிதனும் பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்கிறார்கள். அவர் இரண்டையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார். ட்ரம்ஸும் ஆர்கனும் வந்த பிறகு சர்ச்சில் வளர்ந்த காது அவருடையது. கால்தான் தாளம் என்பது அந்தக் காதுக்குத் தோன்றவில்லை.

"நான் வேற ஒரு தட்டு கண்டுபிடிச்சி, காலோட கொண்டாந்து தரேம்மா" என்றார்.

"கொண்டா கண்ணு. அதுவரைக்கும் சும்மாவும் வந்துட்டுப் போ."

அவர் சும்மா போகவில்லை. வெறும் கையோடு எப்படிப் போவது என்று முதல் மாதம் தள்ளிப்போட்டார். ஒரு வருஷம் ஆனதும் அதற்காகவே வெட்கமாகிவிட்டது. அவள் தெருவில் போகவேண்டி வந்தால் ஒரு தெரு சுற்றிப் போனார். இடையில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார்; பழைய சாமான் சந்தைகளில் குனிந்து குனிந்து முதுகுவலியை வாங்கிக்கொண்டார். மஸ்கோடா ஃபோர் எங்கும் இல்லை. எட்டு வருஷம் அப்படிப் போனது. அதன் பிறகுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. செவ்வாய் மத்தியானமே க்ளீவ்லாந்துக்குப் போன் போட்டார். குழுவில் முன்குரல் பாடிய மனிதர் ஐம்பதுகளில் அங்கே குடிபோனவர்; அவர் மகள், எர்மா பாட்டில் என்று பெயர், இன்னும் அங்கே இருந்தாள். முன்னே இரண்டு தடவை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டவள்.

"மறுபடியும் நீங்களா? எங்கப்பா ரெக்கார்டு எங்க போச்சுன்னு ரெக்கார்டு பொறுக்கற உங்க ஆளுங்களத்தான் கேக்கணும். எழுபத்தொம்பதுல உங்களை மாதிரியே மரியாதையாப் பேசுன ஒருத்தன் வந்தான். எங்கம்மா கையால கறி சோறு தின்னான். பெட்டியோட எடுத்துட்டுப் போனான். டேப்புல போட்டு அனுப்பறேன்னான். நான் இன்னும் தபால் பெட்டியைப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நான் தபால்காரன்மா" என்றார் ஆல்வெஸ்டர்.

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. "அப்ப நீங்கதான் தொலைச்சிருக்கணும். யாருக்கு வேணும் இப்ப?"

"ரூபி நெல் காட்ரெல் போயிட்டாங்க. அடக்கத்துக்கு."

"ஐயோ." குரல் இறங்கியது. "சத்தியமா இல்லைங்க. இருந்தா நானே பிளேன்ல ஏறிக் கொண்டாந்திருப்பேன். ரூபி அக்காதான் எனக்குத் தலை பின்னி விடுவாங்க."

புதன்கிழமை மெம்பிஸில் தட்டு சேர்க்கிற ஒருவரையும் ஜாக்சனில் ஒருவரையும் கேட்டார். இல்லை, இல்லை. வியாழக்கிழமை தன் பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கி, அழித்ததை மீட்டுத் தரும் கடைக்காரனிடம் கொண்டுபோனார். அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கிறது என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கொல்லையிலிருந்து ஒரு பலகை எடுத்துவந்தார். தபால் வேலைக் காலத்துக் கனத்த பூட்ஸை மாட்டினார். காதில் பாட்டு, தரையில் பலகை, முன்னால் மைக். தட்டினார். பதிவானதைக் குரல்களுக்கு அடியில் போட்டுக் கேட்டார். நன்றாகவே இருந்தது. உயிரோடு இருக்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடிய ஒரே ஒருத்தி வெள்ளைத் துணி விரித்த பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது தன் கால் குரல்களின் பின்னால் ஓடுவது தெரிந்தது. பாடுகிறவர்கள் திரும்புகிற இடத்தில் அது அரை மயிரிழை தாமதமாகத் திரும்பியது. வழி தெரியாமல் முன்னால் போகிறவனைப் பார்த்துப் பார்த்து நடக்கிறவனின் கால். ஜூனியஸின் கால் அப்படி இருந்திருக்காது. நாலு பேரும் அந்தக் காலைப் பார்த்து நடந்தவர்கள். ஒரு மனிதனைத் துடைத்தது போதும், அவன் செருப்பில் வேறு காலையும் நுழைக்க வேண்டாம் என்று நினைத்தார். பதிவை அழித்தார். பலகையைக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து, வெறும் பாட்டை ஒரு புதிய சிடியில் ஏற்றினார்.

சனிக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. வெள்ளை உடுப்பும் கையுறையும் போட்ட பெண்கள் விசிறி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரூபி நெல் கத்தரிப்பூ நிறத் தொப்பியோடு படுத்திருந்தாள். ஆராதனைக்கு முன்னால் க்ளாடெட்டிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஆல்வெஸ்டர் இரண்டு தடவை அவள் பக்கம் போனார். இரண்டு தடவையும் யாரோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

பாஸ்டர் கைகாட்டினார். ஆல்வெஸ்டர் பொத்தானை அழுத்தினார்.

நாலு குரலும் கூரைவரை ஏறின. "ஆமென்" என்றது ஒரு கிழக்குரல். முதல் அடி முடியும்போது, யாரும் சொல்லாமலே கைகள் தட்ட எழுந்தன. ஆனால் எங்கே தட்டுவது? இடது பக்கத்து பெஞ்சுகள் ஒரு இடத்தில் தட்டின. வலது பக்கம் வேறு இடத்தில். பாடகர் குழுவில் இருந்தவர்கள் நடுவில் புகுந்து சரிக்கட்டப் பார்த்தார்கள். இரண்டாவது அடியில் அது ஆலங்கட்டி மழைபோலச் சிதறியது. ஒருத்தர் நிறுத்தினார், இன்னொருத்தர் நிறுத்தினார். மூன்றாவது அடிக்கு ஒரு கையும் இல்லை. எல்லாரும் மடியில் கையை வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் விசிறிகள் மட்டும் ஆடின.

"ரொம்ப நல்லா இருந்திச்சி பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "என்ன சுத்தமா இருக்கு!" என்றார் ஒருவர்.

மயானத்திலிருந்து திரும்பி வந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோளரொட்டி. ஆல்வெஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டு கடைசி மேசையில் உட்கார்ந்தார். க்ளாடெட் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றார். சொன்னார். விரிசல், மேடுகள், பலகை, எட்டு வருஷம், வெள்ளிக்கிழமை தட்டிய பூட்ஸ் வரை எல்லாவற்றையும் சொன்னார். கோழி ஆறிப்போனது.

"அது எங்களுக்குத் தெரியுமே" என்றாள் க்ளாடெட். "கால் இல்லைன்னு அம்மா அன்னிக்கே சொன்னாங்க. ஞாயித்துக்கெழமை காலைல சிடியைப் போட்டுட்டு, கைத்தடியைத் திருப்பிப் புடிச்சித் தரையில தட்டுவாங்க. 'உங்கப்பாவுக்கு அசதி, இன்னிக்கி நான் தட்டறேன்'பாங்க. எட்டு வருஷமும் அதான். இன்னிக்கி சர்ச்ல அந்தச் சத்தம் இல்லாமதான் எனக்கு அழுகை வந்துது."

ஆல்வெஸ்டர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கால் கொண்டாரலைன்னு அவங்களுக்கு ஒண்ணும் இல்ல பிரதர். நீங்க வரலைன்னுதான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. தபால்காரன் வந்தானா, தபால்காரன் வந்தானான்னு. நான்தான், அவரு வேலையா இருப்பாரும்மான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்." அவள் கைப்பையைத் திறந்து துழாவினாள். "இதை உங்ககிட்ட குடுக்கணும். தபால்காரன் வந்தா பாடுனவங்க பேரைக் கேப்பான், எனக்கு மறந்துபோறதுக்கு முன்னாடி எழுதி வெக்கறேன்னு ஆரம்பிச்சாங்க. நீங்களும் வரல, அவங்களும் அதை மூடி வெச்சிட்டாங்க."

பழைய சிடியின் காகித உறை. முனைகள் எண்ணெய் பட்டு மங்கியிருந்தன. பின்பக்கம் பென்சிலில், நடுங்கும் பெரிய எழுத்தில் குழுவினர் பெயர். அந்தத் தட்டின் காகிதத்தில் குழுவின் பெயர் மட்டும்தான் அச்சாகியிருந்தது. பாடியவர்கள் யார் யார் என்று முழுசாகச் சொல்லக்கூடியவர்களில் ரூபி நெல்தான் கடைசி. முன்குரல், ஹார்லன் பாட்டில். பாரிட்டோன், ஜூனியஸ் காட்ரெல். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'காலும்'. கீழ்க்குரல், ப்ளெஸ் அண்டர்வுட்.

மேல்குரல் என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்கு அப்புறம் பெயர் எழுதப்படவில்லை.